யாருக்காகச் சமைக்கிறார்கள்? லண்டனின் அயல்நாட்டு உணவகங்கள்

ஒரு நகரம் உலக நகரம்தானா என்று பேச்சு வந்தால் பலரும் முதலில் நீட்டுவது அதன் உணவகப் பட்டியலை. வங்கிகளும் அருங்காட்சியகங்களும் அப்புறம்தான். லண்டன்காரர்களுக்கு இதில் தனிப் பெருமை உண்டு. எட்ஜ்வேர் ரோட்டில் லெபனான், கிரீன் லேன்ஸில் துருக்கி, கிங்ஸ்லாண்ட் ரோட்டில் வியட்நாம், ஸ்டாக்வெல்லில் போர்ச்சுகல், நியூ மால்டனில் கொரியா, பெக்கமில் நைஜீரியா, டூட்டிங்கில் யாழ்ப்பாணம். பஸ்ஸும் ரயிலும் ஏறத் தெரிந்தால் போதும். ஒரு வார இறுதிக்குள் மூன்று கண்டத்துச் சாப்பாட்டையும் ருசி பார்த்துவிடலாம்.

இதை வியப்பவர்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: நகரம் தாராள மனது படைத்தது, வந்தவரையும் அவர் சமையலையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கிறது. மறுப்பவர்கள் இது வெறும் நாக்குச் சபலம் என்பார்கள். சாப்பாடு வேண்டும், சமைப்பவர் வேண்டாம் என்பதில் தாராளம் எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். இரு தரப்பும் அளப்பது சாப்பிடுபவரின் மனத்தை. சமைப்பவர் எந்த வழியாக உள்ளே வந்தார், கடை போட இடம் எப்படிக் கிடைத்தது, எந்த வாடிக்கையாளரை நம்பி அடுப்பு மூட்டினார் என்று கேட்டால் சித்திரம் மாறுகிறது. லண்டனின் இருநூறாண்டு அனுபவத்தை அந்தக் கேள்விகளோடு பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கப்பலோடு வந்த சமையல்

இந்தியர் ஒருவர் லண்டனில் நடத்திய முதல் உணவகம் 1810-ல் போர்ட்மன் சதுக்கத்தை அடுத்த ஜார்ஜ் தெருவில் தொடங்கியது. பாட்னாவில் பிறந்து, கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்து, அயர்லாந்து வழியாக லண்டன் வந்த சேக் தீன் முகமது அதன் உரிமையாளர். பெயர் 'ஹிந்துஸ்தானி காபி ஹவுஸ்'. இந்தியாவில் உத்தியோகம் பார்த்துத் திரும்பிய வெள்ளைக்காரர்கள் ஹூக்கா பிடித்தபடி பழைய ருசியைத் தேடி வருவார்கள் என்பது அவர் கணக்கு. கணக்குத் தப்பியது. 1812-ல் அவர் திவாலானார். வசதியானவர்கள் வீட்டிலேயே இந்தியச் சமையல்காரரை வைத்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்களுக்கு அந்த ருசி பழக்கமில்லை.

நூறாண்டு கழித்து அதே கணக்கு பலித்தது. 1924-ல் வெம்ப்ளியில் நடந்த பிரிட்டிஷ் பேரரசுக் கண்காட்சியில் இந்தியப் பிரிவின் உணவைக் கவனித்துக்கொண்ட எட்வர்ட் பால்மர், 1926-ல் ரீஜன்ட் தெருவில் 'வீராசாமி' உணவகத்தைத் திறந்தார். பால்மரின் முன்னோரில் ஓர் ஆங்கிலேயத் தளபதியும் உண்டு, அவர் மணந்த முகலாயப் பெண்மணியும் உண்டு. வாடிக்கையாளர்கள் மன்னர்கள், ராணுவ அதிகாரிகள், ஐ.சி.எஸ். ஆட்கள். பேரரசின் நினைவை விலைக்கு விற்ற கடை அது. பிரிட்டனில் இன்றும் இயங்கும் இந்திய உணவகங்களில் அதுவே மூத்தது.

இதற்கெல்லாம் இணையாகத் துறைமுகத்துப் பக்கம் இன்னொரு சமையல் வளர்ந்துகொண்டிருந்தது. லைம்ஹவுஸில் சீன மாலுமிகளுக்கான தங்கும் விடுதிகளும் சோற்றுக் கடைகளும் இருந்தன. கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட நீராவிக் கப்பல்களில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்ட லஸ்கர் மாலுமிகளில் கணிசமானோர் இன்று வங்கதேசத்தில் உள்ள சில்ஹெட் மாவட்டத்துக்காரர்கள். கப்பலைவிட்டு நழுவிக் கரையேறியவர்களுக்கு ஓட்டல் சமையலறைகளில் பாத்திரம் தேய்க்கும் வேலை கிடைத்தது. கிளர்க்கன்வெல்லில் குடியேறிய இத்தாலியர்கள் ஐஸ்கிரீம் வண்டி தள்ளினார்கள். பிறகு சோஹோவில் காபிக் கடை வைத்தார்கள். ஆங்கிலேயரின் தேசிய உணவாகப் பேசப்படும் மீன் வறுவலும் உருளைக்கிழங்குச் சீவலும்கூட இந்த வரிசையில்தான் வரும். மாவில் தோய்த்து எண்ணெயில் பொரிக்கும் முறை ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கமிருந்து வந்த யூதர்களுடையது.

சட்டம் திறந்த கதவு

இரண்டாம் உலகப் போருக்கு முன் இவையெல்லாம் மூலை முடுக்குகளில் இருந்த கடைகள். நகரம் முழுக்க அவை பரவியதற்கு இரண்டு சட்டங்களைக் கவனிக்க வேண்டும். 1948-ன் பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டம் பேரரசின் குடிமக்கள் யாரும் பிரிட்டனுக்கு வந்து வாழ வழிவிட்டது. 1962-ன் காமன்வெல்த் குடிவரவுச் சட்டம் அந்த வழியைக் குறுக்கி, வேலைச் சீட்டு உள்ளவருக்கு மட்டும் என்றாக்கியது. உணவகம் வைத்திருந்தவர் தன் ஊர்க்காரருக்கு வேலை காட்டிச் சீட்டு வாங்கித்தர முடிந்தது. சுருக்கப்பட்ட கதவு ஒரே தொழிலுக்கு ஆள் சேர்க்கும் கதவானது இப்படித்தான்.

சீன உணவகங்களின் வரலாறு இதற்குத் தெளிவான சான்று. ஹாங்காங்கின் நியூ டெரிட்டரீஸ் பகுதி விவசாயிகள் நெல் விளைவித்து வாழ்ந்தவர்கள். தாய்லாந்திலிருந்து மலிவு அரிசி இறங்கியதும் அவர்கள் பிழைப்பு ஆடிப்போனது. பிரிட்டிஷ் குடிமக்கள் என்பதால் லண்டன் வர முடிந்தது. மானிடவியலாளர் ஜேம்ஸ் எல். வாட்சன் சான் டின் கிராமத்து மான் குலத்தைப் பற்றி 1975-ல் வெளியிட்ட நூலில், உழைக்கும் வயதிலிருந்த ஆண்களில் மிகப் பெரும்பாலோர் ஐரோப்பாவின் சீன உணவகங்களுக்குப் போய்விட்ட ஓர் ஊரைக் காட்டுகிறார். வயல் தரிசானது; ஊர் மணியார்டரில் வாழ்ந்தது. அங்கிருந்து வந்தவர்கள் பரம்பரைச் சமையல்காரர்கள் கிடையாது. உழவர்கள் லண்டனுக்கு வந்த பிறகு சமையல்காரர்களானார்கள்.

லைம்ஹவுஸைக் குண்டுவீச்சு சிதைத்திருந்தது. அக்காலச் சோஹோவில் ஜெரார்ட் தெரு வாடகை குறைந்த, பேர் கெட்ட தெரு. அங்கே கடைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன; இன்று சைனா டவுன் என்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்ளும் இடம் அதுவே. ஓர் இனத்தின் உணவுத் தெரு எங்கே அமையும் என்பதை ருசி தீர்மானிப்பதில்லை. யாரும் விரும்பாத கட்டடம் எங்கே காலியாக இருக்கிறதோ அங்கே அமைகிறது.

சில்ஹெட்டுக்காரர்களுக்கும் அதேபோல்தான். போர் முடிந்ததும் குண்டு விழுந்து கிடந்த சிற்றுண்டிக் கடைகளை அடிமாட்டு விலைக்கு வாங்கினார்கள். தொடக்கத்தில் மீன் வறுவலையே விற்றார்கள். பக்கத்தில் ஒரு சட்டியில் குழம்பும் சோறும். மதுக்கடை மூடிய பிறகும் திறந்திருந்த கடை அவர்களுடையது. இரவு பதினொன்றுக்கு மேல் பசியோடு வந்தவர்கள் முதலில் குழம்பை வறுவல்மேல் ஊற்றச் சொன்னார்கள். பிறகு சோற்றோடு கேட்கத் தொடங்கினார்கள்.

ஒரே அடிக்குழம்பு, நீளமான பட்டியல்

பிரிட்டிஷ் 'கறி ஹவுஸ்' என்ற அமைப்பைப் புரிந்துகொள்ள அதன் சமையலறைக்குள் போக வேண்டும். காலையில் மூட்டைக் கணக்கில் வெங்காயம் உரிக்கப்படுகிறது. அண்டாவில் வெங்காயம், இஞ்சி, பூண்டு, மஞ்சள், எண்ணெய், கொஞ்சம் தக்காளி எல்லாம் சேர்ந்து மணிக்கணக்கில் கொதிக்கும். குழைந்ததும் அரைத்து வழவழப்பான ஒரு மஞ்சள் குழம்பாக்கிக்கொள்வார்கள். கோழியும் ஆட்டிறைச்சியும் தனியே முக்கால் பதம் வெந்திருக்கும். மாலையில் ஆர்டர் வந்ததும் அலுமினிய வாணலி பெருந்தீயில் ஏறும். ஒரு கரண்டி அடிக்குழம்பு. தேங்காய்ப் பொடியும் கிரீமும் சர்க்கரையும் விழுந்தால் கொர்மா. வெந்த பருப்பு விழுந்தால் தன்சாக். பச்சை மிளகாயும் குடமிளகாயும் விழுந்தால் ஜல்ஃப்ரேஸி. மிளகாய்த்தூள் கூடினால் 'மெட்ராஸ்', இன்னும் கூடினால் விந்தாலு. ஐந்தாறு நிமிடத்தில் தட்டு மேசைக்குப் போய்விடும்.

சென்னைவாசி யாரும் அந்த மெட்ராஸ் குழம்பை அடையாளம் காணமாட்டார். கோவாக்காரருக்கு அந்த விந்தாலு அந்நியம். பார்சிக்கு அந்தத் தன்சாக். கடைக்கு முன்னால் எழுதியிருப்பது 'இந்தியன்', உள்ளே இருப்பவர்கள் வங்கதேசத்தவர், பட்டியலில் பஞ்சாபும் முகலாயமும். போலி என்று இதை ஒதுக்குவது எளிது. சில்ஹெட்டுக்காரர்கள் தங்கள் வீட்டுச் சமையலை விற்பதாக எப்போதும் சொல்லவில்லை. ஆங்கிலேய வாடிக்கையாளருக்காகக் குறைந்த ஆட்களைக் கொண்டு வேகமாக நடத்தக்கூடிய ஒரு முறையைக் கண்டுபிடித்தார்கள். வாடிக்கையாளர் போன பிறகு அதே சமையலறையில் வேலையாட்களுக்காக வேறொரு சட்டி இறங்கும்: ஆற்றுமீன், கீரை, சாத்கொரா என்ற கசப்பு எலுமிச்சைத் தோல் போட்ட மாட்டிறைச்சி. ஒரே அடுப்பில் பிறருக்கு ஒரு சமையல், தமக்கு ஒரு சமையல்.

இந்தப் பிரிவினையே இவ்விஷயத்தில் மிக உதவியான அளவுகோல் என்று தோன்றுகிறது. அயல்நாட்டு உணவகங்களை நாடுவாரியாகப் பிரிப்பதைவிட, பிறருக்காகச் சமைக்கும் கடை, தம்மவருக்காகச் சமைக்கும் கடை என்று பிரித்தால் அதிகம் புலப்படும். சீனரும் சில்ஹெட்டுக்காரரும் முதல் தலைமுறையில் இங்கிலாந்தின் ஊர் ஊராகச் சிதறிக் கடை போட்டார்கள். ஓர் ஊரில் ஒரு குடும்பம். சுற்றியிருந்தவர்கள் எல்லாம் ஆங்கிலேயர் என்பதால் சமையல் அவர்கள் பக்கம் சாய்ந்தது. கூட்டமாக ஓரிடத்தில் குடியேறியவர்களின் கதை வேறு.

தம்மவர் தெருக்கள்

வடக்கு லண்டனின் கிரீன் லேன்ஸ் தெருவில் ஹாரிங்கே பகுதிக்கு முதலில் வந்தவர்கள் சைப்ரஸ்காரர்கள், கிரேக்கரும் துருக்கியரும். 1974-ல் சைப்ரஸ் இரண்டாகப் பிளந்தபின் மேலும் வந்தார்கள். 1980-களின் இறுதியிலிருந்து துருக்கியின் குர்துகள் அகதிகளாக வந்தனர். அவர்களில் பலர் ஹாக்னி, டால்ஸ்டன் பக்கத்துத் தையல் கூடங்களில் வேலை பார்த்தார்கள். 1990-களில் தையல் தொழில் மலிவுக் கூலி நாடுகளுக்குப் போய்விட, வேலையிழந்தவர்கள் உணவுக் கடைகளுக்குத் திரும்பினார்கள். ஒரு தொழில் செத்தது இன்னொரு தொழிலுக்கு ஆள் கொடுத்தது.

அங்கே 'ஒஜாக்பாஷி' எனப்படும் கரியடுப்புக் கடையில் உட்கார்ந்தால் முதலில் கவனிக்க வேண்டியது, கேட்காமலே வருபவற்றை. சுடச்சுட ரொட்டி, நறுக்கிய வெள்ளரி தக்காளிச் சாலட், பிறகு தீயில் கருகச் சுட்டு மாதுளைச் சாறும் புளித்த டர்னிப் சாறும் ஊற்றிய வெங்காயம். இவற்றுக்குத் தனிக் கட்டணம் இல்லை. செம்புப் புகைக்கூண்டின் கீழே நிற்பவர் அகலக் கம்பியில் பிடித்த கைம்மா இறைச்சியைத் திருப்பிக்கொண்டே, ரொட்டியை எடுத்து இறைச்சியின்மேல் அழுத்தி, வழியும் கொழுப்பை அதில் ஒற்றிக்கொள்கிறார். அந்த ரொட்டிதான் தட்டின் அடியில் வரும். மூன்று தலைமுறையாகச் சேர்ந்து சாப்பிடும் குடும்பங்களை மனதில் வைத்த அளவு அது. தனியாகப் போகிறவர் பாதியைப் பொட்டலம் கட்டிக்கொண்டுதான் திரும்ப வேண்டும்.

மற்ற தெருக்களுக்கும் இப்படியே தேதி சொல்லலாம். 1975-ல் தொடங்கிய லெபனான் உள்நாட்டுப் போர் எட்ஜ்வேர் ரோட்டுக்கு பெய்ரூட் சமையலைக் கொண்டுவந்தது. வியட்நாம் படகு அகதிகளைப் பிரிட்டன் ஏற்றதன் விளைவு ஹாக்னியின் 'ஃபோ' நூடுல் சூப் கடைகள். 1972-ல் இடி அமீன் துரத்திய உகாண்டா குஜராத்திகளில் பலர் வெம்ப்ளிக்கு வந்தார்கள்; ஈலிங் ரோட்டு சைவக் கடைகளில் டோக்ளாவுக்குப் பக்கத்திலேயே 'மொகோ' இருப்பது அதனால்தான். அது மிளகாய் போட்டுப் பொரித்த மரவள்ளிக்கிழங்கு, ஆப்பிரிக்காவில் கழிந்த தலைமுறைகளின் கையொப்பம். நியூ மால்டனில் கொரிய நிறுவன ஊழியர்களுக்காக வளர்ந்த கடைத்தெருவில் பிற்பாடு வடகொரிய அகதிகளும் சேர்ந்தார்கள். ஐரோப்பாவில் அவர்கள் அதிகம் வாழும் இடங்களில் அது முதன்மையானது.

தென்னிந்திய, ஈழச் சமையலுக்கு இந்த வரிசையில் இடம் இரண்டு தவணையில் வந்தது. டூட்டிங் ஹை ஸ்ட்ரீட்டில் 1973-லேயே 'ஸ்ரீகிருஷ்ணா' என்ற கேரள உணவகம் தோசை சுட்டது. 1983 இனக்கலவரத்துக்குப் பின் ஈழத்தமிழர் பெருமளவில் வந்து டூட்டிங், ஈஸ்ட் ஹாம், வெம்ப்ளி, ஹாரோ என்று குடியேறினார்கள். முதல் வேலை பெட்ரோல் நிலையத்திலும் பலசரக்குக் கடைக் கல்லாவிலும். உணவகம் அதற்கு அடுத்தே வந்தது. ஆகவே அவர்கள் கடை வைத்தபோது வாங்குபவர் தெருவிலேயே இருந்தார். புட்டும் சொதியும் ஒடியல் கூழும் ஆங்கிலேய நாக்குக்காகத் திருத்தப்பட வேண்டிய தேவை ஏற்படவில்லை. கண்ணாடிப் பெட்டியில் மட்டன் ரோல்ஸும் மீன் கட்லட்டும் அடுக்கியிருக்கும். வேலை முடிந்து வீடு போகிறவர் கொத்துரொட்டி பார்சல் சொல்லிவிட்டு நின்றுகொண்டே பிளேன்டீ குடிப்பார். ஈஸ்ட் ஹாமில் சரவண பவன் வந்தபோது அதே தர்க்கம் தமிழ்நாட்டுக்காரருக்கும் பொருந்தியது.

சீனச் சமையலும் இந்தத் திசையில் திரும்பியிருக்கிறது. சீனப் பெருநிலத்து மாணவர்கள் பெருகியபின், ஆங்கிலேயருக்கான புளிப்பு-இனிப்புப் பன்றியை நம்பாமலே கடை நடத்த முடிந்தது. 2006-ல் சோஹோவில் வந்த 'பார்ஷு' சிச்சுவான் காரத்தைக் குறைக்காமல் பரிமாறியது. 2021 ஜனவரியில் ஹாங்காங்காரர்களுக்கெனப் புதிய விசா திறந்ததும் சட்டன், கிங்ஸ்டன் போன்ற புறநகர்களில் ஹாங்காங் பாணித் தேநீர்க் கடைகள் முளைத்தன. ஐம்பதாண்டுக்கு முன் வந்த அதே ஊர்க்காரர்கள் செய்த சமையலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், எதிரே உட்கார்ந்திருப்பவர் மாறியதுதான்.

அரசும் அடுப்பும்

எல்லாச் சமையலும் அகதியோடும் தொழிலாளியோடும் வருவதில்லை. தாய்லாந்து அரசு 2002-ல் 'குளோபல் தாய்' என்ற திட்டத்தைத் தொடங்கி, வெளிநாடுகளில் தாய் உணவகங்கள் பெருகக் கடனும் பயிற்சியும் கொடுத்தது. தரச் சான்றிதழும் வகுத்தது. உணவு வழியே ஏற்றுமதியும் சுற்றுலாவும் வளரும் என்பது கணக்கு. லண்டனில் அதற்கு முன்பே ஒரு விசித்திரக் கூட்டு இருந்தது: மதுக்கடையின் பின்கட்டில் தாய் சமையலறை. கென்சிங்டனின் 'சர்ச்சில் ஆர்ம்ஸ்' அதற்குப் பேர்போனது. சர்ச்சில் படங்கள் தொங்கும் கூரையின் கீழ் பச்சைக் குழம்பும் சோறும். மதுக்கடைக்காரருக்கு வெறுமனே கிடந்த சமையலறையிலிருந்து வருமானம். தாய் சமையல்காரருக்கு முன்பணம் இல்லாத கடை. இங்கும் பேசுவது இடம்தான்.

விலை ஏணி

உணவுப் பண்பாட்டு ஆய்வாளர் கிருஷ்ணேந்து ராய் 2016-ல் வெளியிட்ட 'தி எத்னிக் ரெஸ்டாரட்டர்' நூல் நியூயார்க்கை வைத்து எழுதப்பட்டது என்றாலும் லண்டனுக்கும் பொருந்தும். பிரெஞ்சு, ஜப்பானியச் சாப்பாட்டுக்கு வாடிக்கையாளர் முகம் சுளிக்காமல் அதிக விலை கொடுக்கிறார். சீன, இந்திய, மெக்சிகோ சாப்பாடு மலிவாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். சமையலின் நுட்பமோ உழைப்போ இதற்குக் காரணமாக முடியாது. அந்த நாட்டிலிருந்து வருபவர்கள் ஏழைத் தொழிலாளிகளா, முதலீட்டாளர்களா என்பதையொட்டியே தட்டின் மதிப்பும் அமைகிறது என்பது ராயின் வாதம். இத்தாலியர்கள் ஏழைக் குடியேறிகளாக வருவது நின்ற பிறகே இத்தாலியச் சமையல் ஏணியில் ஏறியது.

லண்டனில் ஏணியின் மேல்படிகள் அண்மையில் திறந்திருப்பது உண்மை. 2001-ல் 'டாமரிண்ட்', 'ஸைகா' என்ற இரண்டு இந்திய உணவகங்கள் மிஷலின் நட்சத்திரம் பெற்றன. இந்தியச் சமையலுக்கு அதுவே முதல் முறை. 2021-ல் 'ஏ. வோங்' சீனச் சமையலுக்கு இரண்டு நட்சத்திரம் வாங்கியது. 2024-ல் 'ஜிம்கானா' இரண்டாவது நட்சத்திரம் பெற்றது. அதே ஆண்டு மேற்கு ஆப்பிரிக்கச் சமையல் செய்யும் 'அகோகோ', 'சிஷுரு' இரண்டும் பட்டியலில் ஏறின. சிஷுருவை நடத்தும் அடெஜோகே பகாரே பிரிட்டனில் நட்சத்திரம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் சமையற்கலைஞர். பிரிக்ஸ்டன் சந்தையின் சிறிய இடத்தில் தொடங்கியவர்.

ஆனால் மேலே ஏறியது யார் என்பதையும் பார்க்க வேண்டும். 2015-ல் சோஹோவில் 'ஹாப்பர்ஸ்' வந்தது. ஆப்பமும் கொத்துரொட்டியும் எலும்பு மஜ்ஜைக் குழம்பும் கொடுத்த அந்தக் கடைக்கு வாசலில் வரிசை நின்றது. நடத்துபவர்கள் சேத்தி குடும்பத்தினர்; ஜிம்கானாவும் அவர்களுடையதே. இலங்கை ஆப்பத்தை மத்திய லண்டன் கொண்டாடிய அந்த நாட்களிலும் டூட்டிங்கில் ஆப்பம் சுட்டவர் பழைய விலைக்கே சுட்டுக்கொண்டிருந்தார். 2010-ல் தொடங்கிய 'டிஷூம்' பம்பாயின் இரானி கடைகளை அழகுற நினைவூட்டிப் பெருஞ்சங்கிலியானது. பிரிக் லேனில் கறி ஹவுஸ் வைத்திருந்த சில்ஹெட்டுக்காரருக்கு அந்த அலையில் பங்கு கிடைக்கவில்லை. சமையல் ஏணி ஏறும்போது சமையல்காரரும் சேர்ந்தே ஏறுவார் என்பதற்கு உத்தரவாதமில்லை. முதலீடு, ஆங்கிலப் பேச்சு, உள் அலங்காரம், விளம்பர நிறுவனம் இவற்றைக் கையில் வைத்திருப்பவர்தான் ஏறுகிறார்.

சாப்பிட்டால் நேசம் வருமா?

2001-ல் வெளியுறவு அமைச்சராக இருந்த ராபின் குக், சிக்கன் டிக்கா மசாலாவைப் பிரிட்டனின் உண்மையான தேசிய உணவு என்று வருணித்துப் பேசினார். வெளியிலிருந்து வருவதை உள்வாங்கி மாற்றிக்கொள்ளும் நாடு இது என்பது அவர் சொல்லவந்தது. அந்தப் பேச்சு இன்றுவரை எடுத்தாளப்படுகிறது. எதிர்ப்பும் அதே அளவு உண்டு.

எதிர்ப்பின் வேர் கல்வி உலகில் பழையது. 1992-ல் அமெரிக்க எழுத்தாளர் பெல் ஹூக்ஸ், பிற இனத்தாரின் வாழ்வை ருசிப் பண்டமாக நுகரும் போக்கை விமர்சித்தார். லெபனானில் பிறந்த ஆஸ்திரேலிய மானிடவியலாளர் கசான் ஹேஜ், சிட்னி உணவகங்களைப் பார்த்துவிட்டு, குடியேறிகள் இல்லாமலே நடக்கக்கூடிய ஒரு பன்மைப் பண்பாட்டைப் பற்றி எழுதினார்: சாப்பிடுபவரின் ரசனைதான் அதில் கதாநாயகன், சமைப்பவர் பின்னணி. இவற்றுக்கு இடையில் தத்துவ அறிஞர் உமா நாராயண் எடுத்த நிலை நடைமுறைக்கு நெருக்கமானது. அறியாமையோடு சாப்பிட்டாலும் அந்தச் சமையலில் வரும் விருப்பம், அந்த மக்களும் இந்த நாட்டில் உள்ளவர்களே என்ற உணர்வுக்கு ஓரளவு உதவலாம் என்றார். கடை வைத்திருப்பவருக்கு வாடிக்கையாளரின் பண்பாட்டு ஞானத்தைவிட வருகை முக்கியம் என்பதையும் மறக்கக் கூடாது.

லண்டன் வரலாறு இந்த விவாதத்துக்குத் தரும் சாட்சி கசப்பானது. 1940 ஜூன் 10-ல் இத்தாலி போரில் இறங்கியதும் சோஹோவின் இத்தாலியக் கடைக் கண்ணாடிகள் உடைக்கப்பட்டன. முந்தின வாரம்வரை அங்கே காபி குடித்த அதே நகரம். இத்தாலியர்கள் கைதிகளாகப் பிடிக்கப்பட்டு நாடு கடத்தப்பட்டார்கள். அவர்களில் பலரை ஏற்றிச் சென்ற 'அரண்டோரா ஸ்டார்' கப்பல் ஜூலை 2-ல் மூழ்கியபோது 400-க்கும் மேற்பட்ட இத்தாலியர் இறந்தனர். 2001-ல் கால்நடைகளுக்குக் கோமாரி பரவியபோது சீன உணவகங்கள்மேல் பழி திரும்பியது. 2020 தொடக்கத்தில், கொரோனா ஊரடங்குக்குப் பல வாரம் முன்பே, ஜெரார்ட் தெரு வெறிச்சோடியது. விரும்பிச் சாப்பிட்ட பழக்கம் சமைத்தவருக்கு எந்தப் பாதுகாப்பையும் தரவில்லை. ஆனால் இதிலிருந்து எல்லாச் சாப்பாட்டு ஆசையும் வஞ்சகம் என்ற முடிவுக்குப் போவதும் சரியாகாது. 1949-ல் அதே சோஹோவில் 'பார் இத்தாலியா' திறந்து இன்றும் நடக்கிறது. உணவகம் ஒரு வியாபார உறவு. அதற்குமேல் அன்பையோ துரோகத்தையோ அதில் ஏற்றிச் சொல்வது இரு தரப்பும் செய்யும் மிகைப்படுத்தல்.

வாடகையும் விசாவும்

இந்தப் பன்மையை உண்டாக்கிய இரண்டு காரணங்களும், திறந்த கதவும் மலிவு இடமும், இப்போது ஒரே சமயத்தில் சுருங்குகின்றன.

கறி ஹவுஸ் முதலாளிகளின் பிள்ளைகள் கணக்காயர்களும் மருத்துவர்களும் ஆனார்கள்; அடுப்படிக்கு வர விருப்பமில்லை, பெற்றோருக்கும் அவர்களை இழுக்க விருப்பமில்லை. ஊரிலிருந்து ஆள் எடுக்கலாமென்றால் 2016-ல் வெளிநாட்டுச் சமையல்காரருக்குக் குறைந்தது ஆண்டுக்கு 29,570 பவுண்டு சம்பளம் என்று விதி வந்தது. பார்சல் விற்கும் கடைகளுக்கு அந்த வாய்ப்பும் மறுக்கப்பட்டது. அவ்வாண்டுப் பொதுவாக்கெடுப்பின்போது, ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேறினால் தெற்காசியச் சமையல்காரருக்குக் கதவு திறக்கும் என்று அப்போதைய அமைச்சர் பிரீத்தி பட்டேல் 'கறி ஹவுஸ்களைக் காப்போம்' இயக்கம் நடத்தினார். முதலாளிகளில் ஒரு பகுதியினர் நம்பி வாக்களித்தார்கள். 2024 ஏப்ரலில் பொதுச் சம்பள வரம்பு 26,200 பவுண்டிலிருந்து 38,700 ஆக உயர்ந்தது. சிறு கடை எதுவும் கொடுக்கக்கூடிய தொகையில்லை அது.

இடத்தின் கதையும் அப்படியே. எலிஃபன்ட் அண்டு காசில் வணிக வளாகம் 1965-ல் திறந்தது. அழகற்றது என்று ஏளனம் செய்யப்பட்டதால் வாடகை குறைந்து, கொலம்பியாக்காரர்களும் மற்ற லத்தீன் அமெரிக்கர்களும் கடை போட்டார்கள். 2020 செப்டம்பரில் மறுகட்டுமானத்துக்காக மூடப்பட்டது. கடைக்காரர்கள் பலதிசையில் சிதறினார்கள். மேல்தட்டுக் கடைகளுக்கும் இது பொருந்தும்: வீராசாமி இருக்கும் கட்டடத்தைப் புதுப்பிக்க விரும்பிய, அரச நிலங்களை நிர்வகிக்கும் கிரௌன் எஸ்டேட் குத்தகையை நீட்டிக்க மறுத்ததால், நூற்றாண்டை எட்டவிருந்த அக்கடை 2025-ல் சட்டப் போராட்டத்தில் இறங்க நேர்ந்தது. ஜோனதன் நன் தொகுத்த 'லண்டன் ஃபீட்ஸ் இட்செல்ஃப்' (2022) பூங்கா, கோயில், சந்தை, கிடங்கு என்று இடங்களை வைத்து நகரத்தின் சாப்பாட்டைப் பேசியதற்குக் காரணம் இதுவே. சமையலறையைவிட அது நிற்கும் தரையே முதலில் பறிபோகிறது.

உழைப்பவர் பக்கம் நிகழ்ந்த ஒரு மாற்றத்தையும் குறிப்பிட வேண்டும். லண்டன் பில்களில் வழக்கமாகச் சேரும் 12.5 விழுக்காட்டுச் சேவைக் கட்டணம் பரிமாறியவர் கைக்குப் போகிறதா என்பது நெடுநாள் சந்தேகம். 2023-ல் நிறைவேறி 2024 அக்டோபர் 1-ல் அமலான சட்டம் அதை முழுமையாகத் தொழிலாளர்களுக்கே பகிர்ந்தளிப்பதைக் கட்டாயமாக்கியது. சாப்பிடுபவரின் ரசனை பற்றிய நூறு கட்டுரைகள் செய்யாததை இது செய்யக்கூடும்.

மதிப்பீடு

மேலே கண்டவற்றைத் தொகுத்தால் மூன்று முடிவுகள் தெரிகின்றன. முதலாவது, உணவகப் பன்மை நகரத்தின் குணத்துக்குச் சான்றிதழாகாது. எந்தப் பேரரசு, எந்தப் போர், எந்தக் குடிவரவு விதி யாரை அங்கே கொண்டுவந்தது என்பதற்கான பதிவேடு அது. இரண்டாவது, அசல், போலி என்ற வழக்கமான தராசு இங்கே பயன்படாது. அடிக்குழம்பிலிருந்து ஐந்து நிமிடத்தில் வரும் மெட்ராஸும், தெருக்காரருக்காகப் பிசைந்த புட்டும், ஒவ்வொன்றும் எதிரே இருந்த வாடிக்கையாளருக்குச் சொன்ன நேர்மையான பதில். மூன்றாவது, இந்தப் பன்மை சேமித்து வைத்த சொத்துப்போல் தானே நிலைத்திராது. ஒரு தலைமுறை அடுப்படியைவிட்டு மேலே போகும், போக வேண்டும். அதன் இடத்துக்கு இன்னொரு தலைமுறை வர வழி இருந்தால்தான் பட்டியல் புதுப்பிக்கப்படும்.

ஹாங்காங் விசா அந்த வழி திறந்தால் என்ன நடக்கும் என்பதைச் சில ஆண்டுகளில் காட்டிவிட்டது. எலிஃபன்ட் அண்டு காசில் மூடினால் என்ன நடக்கும் என்பதை அதைவிட விரைவாகக் காட்டியது. லண்டனைப் பார்த்துத் தானும் உலகச் சாப்பாட்டு நகரமாக வேண்டும் என்று விரும்பும் எந்த நகராட்சியும் உணவுத் திருவிழாவுக்கு ஒதுக்கும் பணத்தைக் குறைத்துக்கொண்டு, புதிதாக வருபவர் கட்டக்கூடிய வாடகையில் சந்தைக் கடைகளை விட்டுவைத்தால் போதும். சமையலை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.